பத்தாவது மூப்பர்

— கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்லல, அசுபா. அவர் எந்திரிச்சு உக்கார்ற நெலமையில இல்லன்னுதான் சொல்றேன். முந்தாநாள் வந்து பாயில விழுந்தவர், இன்னும் முகம் கழுவல.

— முந்தாநாள்ல இருந்து நானும் இந்த வாசல்லதான் அண்ணி கெடக்கேன். நாயை வெரட்டுற மாதிரி வெரட்டாதீங்க.

— யாருடி உன்னை வெரட்டுனா? உள்ள வா. அப்பம் இருக்கு, அத்திப்பழம் இருக்கு, மொதல்ல ஒரு வாய் சாப்பிடு. முகமெல்லாம் சுண்டிப்போச்சு உனக்கு.

— தொண்டையில எதுவும் எறங்காது அண்ணி. பெலேத்தோட ஆளுங்க எப்ரோனுக்குக் கெளம்பி நிக்கிறாங்க. கழுதைக்குச் சேணம் கட்டியாச்சு, இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு ஓடி வர்றேன். அவங்க போனா, அங்க அடைக்கலம் தேடி ஓடுன என் எசேரைக் கட்டி இழுத்துட்டு வந்துடுவாங்க. 'என் தம்பி ரத்தத்துக்குப் பழி'ன்னு பெலேத்து அவரை வெட்டிப் போட்டுடுவான்.

— தடி இல்லாம எப்படிப் போவாங்க? இவர் தடி அந்தா அந்த மூலையில சாத்திக் கெடக்கு. நம்ம ஊர்த் தலைமை மூப்பரோட தடியைக் கண்ணால பார்க்காம, அடைக்கலம்னு வந்தவனை எப்ரோன்காரங்க வெளிய விட மாட்டாங்க. பெலேத்து ஆளு நேத்தே வந்து கேட்டான். 'இன்னும் போதை தெளியல, அப்புறமா வாடா'ன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்.

— மகராசியா இருப்பீங்க. ஆனா இன்னிக்கு பெலேத்தே வருவான். அவன்கிட்ட அந்தச் சாக்கு செல்லாது.

— அதுவும் சரிதான். என்னங்க! முழிச்சுத்தானே இருக்கீங்க? எசேர் பொண்டாட்டி வந்திருக்கா.

— காது கேக்குது கெத்சியா. உக்காரச் சொல்லு.

— உக்கார நான் வரல, ரேகேம் அண்ணே. ஒரே ஒரு வார்த்தை கேக்க வந்தேன். ஊர் வாசலுக்கு வந்து நின்னு, 'அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன், அந்தத் தீர்ப்பு செல்லாது'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்.

— அது ஒரு வார்த்தை இல்லம்மா.

— என் புருஷனைக் கொலைகாரன்னு சொன்னது மட்டும் ஒரு வார்த்தைதானே? அதைச் சொல்ல முடிஞ்சுது, இதைச் சொல்ல முடியாதா?

— அவ கேக்குறது நியாயம்தாங்க. எந்திரிச்சு உக்காருங்க. இந்தாங்க, தண்ணி. குடிங்க.

— வெச்சிரு.

— எல்லாத்துக்கும் 'வெச்சிரு'. நான் என்ன, சாமான் வெக்கவா வாக்கப்பட்டு வந்தேன்? நேத்து வெச்ச கூழும் அப்படியே ஆடை கட்டிக் கெடக்கு.

— அண்ணே, நீங்க நல்லவர். ஊருக்கே தெரியும். 'எல்லைக் கல்லை நகர்த்திட்டாங்க'ன்னு என் மாமனார் முறையிட்டு வந்தப்போ, எங்க பக்கம் பேச நாதியில்ல, நீங்க ஒரு ஆள்தான் பேசுனீங்க. அந்த ரேகேம் அண்ணன் இப்படி ஒரு தீர்ப்புச் சொல்லுவாரா? திராட்சரசம்தான் அண்ணே சொல்லுச்சு. அதை வாசல்ல வந்து சொல்லுங்கன்னுதான் கால்ல விழறேன்.

— கால்ல விழாதே. எந்திரி. கெத்சியா, அவளைத் தூக்கு.

— விடுங்க அண்ணி. அண்ணே, என்ன நடந்துச்சுன்னு நீங்க சரியாக் கேக்கவே இல்ல. கேக்குற நெலமையில யாரும் இல்ல. இப்பவாச்சும் கேளுங்க. பெலேத்து வீட்டு நிலவறைக்குள்ள பெரிய ஜாடியை எறக்கிட்டு இருந்தாங்க. மேல எசேர் கயித்தைப் பிடிச்சிருக்கார். கீழ பெலேத்து தம்பி ஓனாம் நின்னு வாங்கிட்டு இருந்தான். கயிறு அறுந்துச்சு. ஜாடி அவன் தலையில எறங்கிடுச்சு. இவ்வளவுதான் நடந்துச்சு.

— தெரியும்.

— தெரியும்னா பின்ன ஏன் கொலைன்னு சொன்னீங்க? ஜாடி விழறதுக்கு முந்தின நாள், அவங்க அறுத்து முடிச்ச தோட்டத்துல நான் சிதறுன பழம் பொறுக்கப் போனேன். அது எங்களை மாதிரி ஏழைங்களுக்குன்னு விட்டது, கர்த்தர் சொன்னது. அந்த ஓனாம் என் கூடையை எட்டி ஒதைச்சான். இவருக்குக் கோவம் வந்து, 'நீ நாசமாப் போயிடுவ'ன்னு கத்திட்டார். அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பகை வெச்சு, வேணும்னே கயித்தை விட்டுட்டார்ன்னு பெலேத்து கதை கட்டிட்டான்.

— நாசமாப் போன்னு சொன்னா நாசமாப் போயிடுவாங்களா? அப்படின்னா நான் சொன்ன சொல்லுக்கு இந்தத் தெருவுல ஒரு ஆடுகூட மிஞ்சாதே!

— சிரிக்க முடியல அண்ணி.

— நானும் சிரிக்கச் சொல்லலடி. வயித்தெரிச்சல்ல வருது.

— ஊர் வாசல்ல, நாலு பேர் பார்க்க உக்காந்து விசாரிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது. 'எடத்தை நேர்ல பார்க்கணும்'ன்னு பெலேத்து எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். மூப்பர் பத்துப் பேரும் அந்த நிலவறை வாய் பக்கத்துலயே வட்டமா உக்காந்தாச்சு. ஆட்டுக்குட்டி அடிச்சுச் சுட்டான். பழைய திராட்சரச ஜாடியை ஒடைச்சான். நான் மதிலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு இருந்தேன் அண்ணே. என் புருஷன் உசுரு உள்ள கெடக்கு, மூப்பர் சோபாப் உக்காந்து பாட்டுப் பாடுறாரு!

— சோபாப்பா? அந்த ஆளுக்குத் தொண்டையே கெடையாதே.

— தாளம் வேற போட்டாங்க. ஒருத்தர், 'செத்தது யாருப்பா, எசேரா?'ன்னு கேக்குறார். பெலேத்து 'இல்ல பெரியவரே, செத்தது என் தம்பி'ங்கிறான். கொஞ்ச நேரத்துல மறுபடி அதையே கேக்குறார். வெளிய வரும்போது அகுமாய் தாத்தா கழுதை வாலைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏண்டா தம்பி, இவ்வளவு வேகமா நடக்குற?'ன்னு அதுகிட்ட பேசிட்டுப் போறார். இவங்கதான் சாவு தீர்ப்புச் சொன்னவங்க!

— போதும் அசுபா.

— நீங்க கடைசியா வந்தீங்க. மதிலைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தீங்க. மூலையில குனிஞ்சு வாந்தி எடுத்தீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன், என்னை நீங்க பார்க்கல. 'ஐயோ, இந்த மனுஷனையும் கெடுத்துட்டானே'ன்னு நெஞ்சு வெடிச்சுப்போச்சு எனக்கு.

— வீட்டுக்கு வந்தும் எடுத்தாரு. மேலங்கி பூரா திராட்சரச வாடை. ரெண்டு தடவை அலசியும் போகல. எங்கப்பா ஆசாரியர், உனக்கே தெரியும். பலிபீடத்துக்குப் போற முறை வந்துட்டா வீட்டுல ஜாடியைத் தொட மாட்டார். 'சுத்தம் எது, அசுத்தம் எதுன்னு சொல்ல வேண்டியவனுக்குக் கண்ணு தெளிவா இருக்கணும்'பார். வாசல்ல உக்கார்றவனுக்கும் அப்படி ஒண்ணு வெக்கணும்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன். வழக்கு இருக்குற நாள்ல மட்டும் ஒருத்தனும் குடிக்கக் கூடாது. ஊர்ல பாதி அநியாயம் அத்தோட ஒழிஞ்சிடும்.

— மீதி பாதி?

— என்ன?

— மீதி பாதி அநியாயத்தை என்ன பண்ணுறது, கெத்சியா?

— அதை அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல இந்தப் பாதியை ஒழிங்க.

— அண்ணே, என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்க. வர்றீங்களா, மாட்டீங்களா?

— வந்து நான் குடிச்சிருந்தேன்னு சொன்னா உனக்கு என்ன கெடைக்கும்னு நெனைக்கிற?

— தீர்ப்பு ஒடையும். கை தவறிக் கொன்னவனுக்குன்னு விட்ட அடைக்கல ஊர்தானே எப்ரோன், எசேர் அங்கயே இருப்பார். பிரதான ஆசாரியர் காலம் முடியற வரைக்கும் அவர் அந்த ஊரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடறேன். எவன் வீட்டுலயாச்சும் மாவு அரைச்சுப் பொழைச்சுக்குவேன். உசுரோட இருந்தாப் போதும் எனக்கு.

— நான் இப்படியே படுத்துக் கெடந்தா? தடியைக் குடுக்காம?

— எத்தனை நாளைக்குங்க? பெலேத்து சும்மா இருப்பானா? 'ரேகேம் படுத்த படுக்கையாயிட்டார்'னு சொல்லி, சோபாப்பைத் தலைமையில உக்கார வெச்சு, புதுசா ஒரு தடி செதுக்கிடுவான். அந்தப் பாட்டுக்காரனும் பல்லை இளிச்சுக்கிட்டுத் தூக்கிக் குடுப்பான்.

— அதுவும் செய்வான்.

— செய்வான்னு தெரியுதுல்ல? பின்ன என்னதான் யோசனை? குடிச்சேன்னு சொல்றதுக்கு வெக்கமா? ஊருக்கே தெரிஞ்சதைச் சொல்ல என்னங்க வெக்கம்? கெணத்தடியில நான் தலை காட்ட முடியல, 'ரேகேமுக்குத் தெளிஞ்சுதா?'ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாளுங்க. நானே தாங்கிக்கிட்டேன். உங்களுக்கு என்ன?

— வெக்கம் இல்ல.

— பின்ன பயமா?

— பயம் இருக்கு.

— எதுக்கு? சோபாப்புக்கா, அந்தக் கழுதை வால் பிடிச்ச தாத்தாவுக்கா?

— கெத்சியா, கொஞ்ச நேரம் பேசாம இரு. அசுபா, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தக் கயித்தை நான் பார்த்தேன்.

— எந்தக் கயிறு?

— அறுந்த கயிறுதான். நிலவறை வாய்கிட்டக் கெடந்துச்சு. பெலேத்து பேசிட்டு இருக்கும்போது கையில எடுத்தேன். அறுந்த எடம் இத்துப்போய், கறுத்து, வெரல்ல தொட்டா நார் நாரா உதிருது. பல வருஷமா ஈரத்துலயே கெடந்த கயிறு அது. அதுல ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்ட முடியாது. எசேர் விட்டிருந்தா முழுக் கயிறும் கீழ போயிருக்கணும். அவன் கையில பாதி நின்னுருக்கு. அவன் விடல. கடைசி வரைக்கும் பிடிச்சிருக்கான்.

— ஐயோ, என் சாமி. பார்த்தீங்களா? நீங்களே பார்த்தீங்களா?

— பார்த்தேன். பெலேத்தும் நான் பார்க்கறதைப் பார்த்தான். சிரிச்சுக்கிட்டே கையில இருந்து வாங்கி, ஆட்டுக்குட்டி வெந்துட்டிருந்த தீயில போட்டுட்டான்.

— அப்பவே கத்த வேண்டியதுதானே!

— கத்தியிருக்கணும்.

— அந்த நேரத்துல இவரால எப்படிடி கத்த முடியும்? ஊத்திக்கிட்டே இருந்திருப்பான் பாவி.

— ஆமா, ஊத்த வந்துக்கிட்டேதான் இருந்தான். என் கோப்பை ஒரு நேரமும் காலியா இல்ல. தளும்பித் தளும்பி என் மடியிலதான் வழிஞ்சுது. அப்புறம் தீர்ப்புக் கேட்டாங்க. நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், வயசுல சின்னவன்தான் மொதல்ல சொல்லணும், தலைமை ஆள் கடைசியில. 'கொலை', 'கொலை', 'கொலை'ன்னு ஒம்பது பேரும் சொல்லிட்டாங்க. அகுமாயைத் தட்டி எழுப்பித்தான் சொல்ல வெச்சாங்க. ரத்தப் பழி வழக்குன்னா பத்துப் பேரும் ஒத்துக்கணும். என் முறை வந்துச்சு.

— நீங்க ஒருத்தர் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே வழக்கு நின்னிருக்கும்.

— நின்னிருக்கும். நிக்கும்னு தெரியும். அதுக்கு அப்புறம் என்ன ஆகும்னும் தெரியும். பெலேத்து எகிறுவான். மறுபடி விசாரணை. மறுபடி சத்தம். அறுப்பு முடியற வரைக்கும் ஊர் ரெண்டா நிக்கும். பாதிப் பேர் எனக்கு முகம் குடுக்க மாட்டாங்க. ஊர் வாசல்ல மூப்பரா உக்காந்ததுல இருந்து இதேதான் அசுபா. எப்பவும் நான் ஒருத்தன் மட்டும் வேண்டாம்ன்னு சொல்லிக்கிட்டு, எல்லார் வாயிலயும் விழுந்துக்கிட்டு. அலுத்துப்போச்சு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி ஒரு அலுப்பு. இந்த ஒரு தடவை எல்லாரோடயும் சேர்ந்து தலையை ஆட்டிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துடலாமேன்னு இருந்துச்சு. ஆட்டிட்டேன்.

— அதான் அண்ணே! அது நீங்க இல்ல. குடி அப்படித்தான் பண்ணும். எங்கப்பாவும் குடிச்சா இப்படித்தான், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிடுவாரு.

— எல்லாரும் அதையே சொல்றீங்க.

— நெசம்தானே? உங்க மேல எனக்குக் கோவமே இல்ல அண்ணே, கர்த்தர் அறிய. கோவமெல்லாம் அந்த ஜாடி மேலயும் அதை ஒடைச்சவன் மேலயும்தான்.

— கோவப்படு. நீ கோவப்பட்டா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்.

— என்னங்க பேச்சு இது? அவ மன்னிக்கிறேங்கிறா, நீங்க திட்டுங்கிறீங்க.

— அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். வாசல்ல வந்து சொன்னா அண்ணனுக்கு ஏதும் ஆயிடாதே? என் புருஷனைக் காப்பாத்தப் போய் உங்க குடும்பத்துல நான் மண்ணை அள்ளிப் போட்டுடக் கூடாது.

— ஒண்ணும் ஆகாது. குடிச்சு ஒளறுனவனுக்கு என்ன பெருசா? ஊர் வாசல்ல உக்கார்ற கல்லு போகும். நாலு நாள் சிரிப்பாங்க. தெளிவா இருந்து, குத்தம் இல்லன்னு தெரிஞ்சும் ஒருத்தனைச் சாவுக்குத் தள்ளுனாத்தான் ஆபத்து. அவனுக்கு வெச்சதை இவன் தலையில போடுவாங்க, ஊரே கல்லெடுத்து அடிக்கும். இது அது இல்லையே. நீ கவலைப்படாதே. அந்தக் கல்லு போனா எனக்கு நிம்மதிதான். இனிமேலாச்சும் மனுஷன் வீட்டுல உக்காந்து தோட்டம் தொரவைப் பார்க்கட்டும்.

— என் மேலங்கியை எடு, கெத்சியா.

— வர்றீங்களா? அண்ணே, வர்றீங்களா?

— அழாதே. தடியை நீ எடுத்துக்கோ. இறுக்கிப் பிடி. வழியில பெலேத்து ஆளுங்க புடுங்க வந்தா விடாதே. ஊரைக் கூட்டிக் கத்து.

— கத்துறதுக்கு இவளுக்குச் சொல்லித் தரணுமா? ரெண்டு ராத்திரியா கத்தி இந்தத் தெருவையே தூங்க விடல. இருங்க, இந்த மேலங்கி வேண்டாம். வாடை இன்னும் இருக்கு.

— அதையே குடு.

— வாடை அடிச்சாத்தான் நம்புவாங்கன்னு பார்க்கறீங்களா? அதுவும் சரி. போகும்போது ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டு சட்டுனு வந்துடுங்க, பயறு வேக வெக்கிறேன்.

— எனக்கு வெக்காதே. நீ சாப்பிடு. ஒன் தம்பிக்கு ஆள் விட்டு, இன்னிக்கே வந்து ஒன்கூட இருக்கச் சொல்லு.

— அவன் எதுக்கு? நல்லா இருக்கே! குடிச்சேன்னு சொல்றதுக்கு மச்சான் தொணையா?

— சொல்றதைச் செய், கெத்சியா. இந்த ஒரு தடவை சண்டை போடாம செய்.

— சரி சரி, விடுறேன். மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'குடிச்சிருந்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. பெலேத்து எதிர்த்துப் பேசினா வாய் குடுக்காதீங்க.

— அண்ணி, எனக்கு இப்பத்தான் ஒண்ணு தோணுது. தீர்ப்பு ஒடைஞ்சு மறுபடி விசாரிச்சாலும், அதே ஒம்பது பேருதானே உக்காருவாங்க? நாளைக்குத் தெளிவா இருந்துக்கிட்டே பெலேத்து பக்கம் பேச மாட்டாங்களா? கயித்தையும் எரிச்சுட்டான். என் எசேர் கயித்தை விடலங்கிறதுக்கு என்ன இருக்கு நம்ம கையில?

— அதையும் வாசல்ல சொல்லத்தான் போறேன். அவங்க ஒம்பது பேரும் குடிச்சிருந்தாங்கன்னு சொல்லுவேன். கயித்தை நான் கையில எடுத்துப் பார்த்தேன், அது இத்துப்போயிருந்துச்சு, பெலேத்து அதைத் தீயில போட்டான்னு சொல்லுவேன். கர்த்தர் பேர்ல ஆணை வெச்சுச் சொல்லுவேன்.

— ஆணை வெச்சா மட்டும்? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாங்க? குடிச்சிருந்தவர் பார்த்த கயித்தை யாரு சாட்சின்னு எடுத்துக்குவா?

— எடுத்துக்க மாட்டாங்கதான். ஆனா அன்னிக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலையே, கெத்சியா.